குழந்தைகள் குரோக்கே செட்: நிற்கிற பந்தை அடிப்பதில் இவ்வளவு இருக்கிறது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலரை, ஐந்து வயதில் பிள்ளை இருந்து, குட்டையாக வெட்டிய புல்தரை கொஞ்சமாவது கைவசம் இருந்தால், மரத்தில் செய்த குழந்தைகள் குரோக்கே செட்டைத் தாராளமாக வாங்கலாம். உள்ளே வெறும் காற்றாக இருக்கும் பிளாஸ்டிக் பந்து வருகிற செட் வேண்டாம். பெட்டியில் மூன்று வயது முதல் என்று போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு வகையையும் ஐந்து வயது மகளோடும் எட்டு வயது மகனோடும் ஆடிப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: புல்தரையில் கம்பி வளைவுகளை நட்டுவிட்டு, நீளக் கைப்பிடி போட்ட மரச்சுத்தியால் பந்தைத் தட்டித் தட்டி ஒவ்வொரு வளைவுக்குள்ளும் வரிசையாக அனுப்ப வேண்டும், கடைசியில் ஒரு முளைக்குச்சியைப் பந்து தொட்டால் முடிந்தது. நான் வாங்கிய செட்டில் நான்கு சுத்தி, நான்கு பந்து, ஒன்பது வளைவு, இரண்டு முளை, எல்லாவற்றையும் போட்டுத் தூக்கிப்போக ஒரு பை. பந்துகள் நீலம், சிவப்பு, கருப்பு, மஞ்சள். முளையில் இதே நிறங்கள் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகப் பூசியிருக்கும், அந்த வரிசையில்தான் முறை வரும். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகூட முளையைப் பார்த்தே "அடுத்து கருப்பு" என்று சொல்லிவிடும். பெரியவர்கள் போட்டியில் ஆடும் பந்து சுமார் 92 மில்லிமீட்டர் விட்டம், 454 கிராம் எடை, வளைவின் இடைவெளி பந்தைவிடச் சில மில்லிமீட்டர்தான் அதிகம். குழந்தைகள் செட்டில் வளைவு தாராளமாக அகலமாக இருக்கும், பந்தும் சிறியது, எடையும் குறைவு. அது சரிதான், அந்த வயதுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும்.

1860களில் இங்கிலாந்தில் இந்த ஆட்டம் பைத்தியம் பிடித்த மாதிரி பரவியது. விம்பிள்டன் என்றாலே நமக்கு டென்னிஸ்தான், ஆனால் அந்த டென்னிஸ் போட்டியை நடத்துகிற கிளப் 1868-ல் தொடங்கப்பட்டது குரோக்கேவுக்காக. டென்னிஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, முதல் டென்னிஸ் போட்டி 1877-ல்தான் நடந்தது. கிளப்பின் பெயரில் குரோக்கே இன்றும் இருக்கிறது. ஆணும் பெண்ணும், இளையவரும் முதியவரும் ஒரே தரையில் சமமாக நின்று ஆட முடிந்தது அந்தக் காலத்தில் இது பிடித்துப்போனதற்கு ஒரு பெரிய காரணம். இதில் பலம் உள்ளவனுக்கு அதிக லாபம் கிடையாது. வீட்டுக்குள்ளும் அதே கதைதான். எட்டு வயதுக்காரன் ஐந்து வயதுக்காரியை ஓட்டத்தில் எப்போதும் ஜெயித்துவிடுவான், இங்கே அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, அண்ணன் தங்கை இரண்டு பேரும் அழாமல் சேர்ந்து ஆடுகிற ஆட்டங்கள் எங்கள் வீட்டில் ரொம்பக் குறைவு, அதில் இது ஒன்று.

சரி, உடலியக்கத் திறன் விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் ஸ்கில் என்ற சொல் இப்போது எல்லா விளையாட்டுச் சாமான் பெட்டியிலும் இருக்கிறது, அதனால் இதில் குறிப்பாக என்ன கிடைக்கிறது என்று பிரித்துச் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதல் விஷயம், பந்து நிற்கிறது. பறந்து வரும் பந்தைப் பிடிக்கவோ மட்டையால் அடிக்கவோ ஒரு பிள்ளை எத்தனை வேலையை ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பந்தைக் கண்ணால் துரத்த வேண்டும், வேகத்தைக் கணிக்க வேண்டும், அந்த இடத்துக்கு நகர வேண்டும், சரியான கணத்தில் கையைக் கொண்டுபோக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பந்து போய்விடும், கூட நிற்கிற பிள்ளைகள் சிரிக்கும், அடுத்த நாள் "நான் வரலை" என்று உட்கார்ந்துவிடும். குரோக்கேயில் பந்து காத்திருக்கிறது. எப்போது அடிப்பது என்பது பிள்ளையின் கையில். நேர அழுத்தம் முழுக்கப் போய்விடுவதால் மிச்சமிருக்கிற வேலைகளை, அதாவது நிற்பது, பிடிப்பது, வீசுவது, குறி, அளவு, இவற்றை அந்தப் பிள்ளை நிதானமாகச் செய்து பார்க்க முடிகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு உடலியக்க ஒருங்கிணைப்பில் கணிசமான சிரமம் இருக்கிறது என்று சொல்கிறார்கள், பொத்தானைப் போடுவது, பந்து பிடிப்பது, சைக்கிள் ஓட்டுவது எல்லாமே அவர்களுக்குக் கஷ்டம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பந்து விளையாட்டுக்குள் நுழைய இது நல்ல வாசல் என்று அழுத்திச் சொல்வேன். சிகிச்சை என்று சொல்லவில்லை, அதற்கு அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கிவிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்கின்றன. கைப்பிடியில் ஒரு கை மேலே, ஒரு கை கீழே. மேல் கை பிடித்து நிறுத்துகிறது, கீழ்க் கை வழி காட்டுகிறது. பெரியவர்களுக்கு இது யோசிக்காமல் வரும், ஐந்து வயதுக்கு இது நிஜமான வேலை. என் மகள் முதலில் இரண்டு கையையும் அகல விரித்துப் பிடித்தாள், சுத்தியைத் துடைப்பம்போலத் தள்ளினாள். யாரும் திருத்தவில்லை. தள்ளினால் பந்து பக்கவாட்டில் ஓடுகிறது என்று அவளே பார்த்துக்கொண்டாள், கைகள் தானாக ஒன்றுக்கொன்று கிட்டே வந்தன.

இதிலேயே இரண்டு விதமாக நிற்கலாம். கால்களை அகட்டி, இலக்கைப் பார்த்து நேராக நின்று, கால்களுக்கு நடுவே சுத்தியைப் பின்னே கொண்டுபோய் முன்னே வீசுவது ஒன்று. பக்கவாட்டில் நின்று, உடம்பின் ஓரமாக வீசுவது இன்னொன்று. முதல் விதத்தில் கண், பந்து, வளைவு மூன்றும் ஒரே கோட்டில் இருப்பதால் குறி பார்ப்பது சுலபம், போட்டிக்காரர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் அடிக்கிறார்கள். இரண்டாவதில் இடுப்பு திரும்ப வேண்டும், கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டுவது சில பிள்ளைகளுக்குத் தனியாகவே பழக வேண்டிய விஷயம், வலப்பக்கம் இருக்கும் பொருளை வலக்கையாலும் இடப்பக்கம் இருப்பதை இடக்கையாலும் மட்டுமே எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். நான் இரண்டையும் செய்து காட்டிவிட்டு விட்டுவிட்டேன். மகன் நடுவே வீசுகிறான், மகள் சில நாள் அப்படி, சில நாள் இப்படி.

ஆனால் இந்த செட்டின் உண்மையான லாபம் எது என்று கேட்டால், அளவு. எவ்வளவு பலமாக அடிப்பது என்கிற கணக்கு. குழந்தைகளுக்கான நிறைய விளையாட்டுகளில் பலமாக அடித்தால் போதும், ஓங்கி உதைத்தால் போதும். இங்கே ஓங்கி அடித்தால் பந்து வளைவைத் தாண்டி வெகுதூரம் போய்விடும், அப்புறம் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். மகள் முதல் வளைவுக்கு முழுப் பலத்தோடு அடித்தாள், பந்து வேலி வரை போனது. திரும்ப வந்து அடுத்த அடியில் பயந்து பயந்து தொட்டாள், பந்து ஒரு சாண் உருண்டு நின்றது. மூன்றாவது அடிக்கு முன்னால் சுத்தியைப் பந்துக்குப் பின்னால் மெதுவாக இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள். பின்னே எவ்வளவு தூரம் கொண்டுபோனால் பந்து எவ்வளவு தூரம் போகும் என்று அந்தச் சின்ன உடம்பு கணக்குப் போடுவது அந்த ஆட்டலில் அப்படியே தெரிந்தது. இதை எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுக்க முடியாது, தசைக்கும் மூட்டுக்கும் நடுவில் நடக்கிற பாடம் இது.

இங்கேதான் செட்டோடு வருகிற குறிப்புத்தாளோடு எனக்கு முரண்பாடு. வளைவுகளை இந்த இடைவெளியில், இந்த வடிவத்தில் நடு என்று படம் போட்டு, ஒவ்வொரு தடவையும் அப்படியே ஆடச் சொல்கிறது. போட்டிக்கு அது சரி. பழகுகிற பிள்ளைக்கு இடைவெளியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் நல்லது. 1978-ல் கெர், பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளைச் சிறு மூட்டைகளை இலக்கில் எறியச் சொன்னார்கள். ஒரு குழு 3 அடி தூரத்தில் மட்டும் பழகியது. இன்னொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது, 3 அடியை அது தொடவே இல்லை. கடைசியில் 3 அடியில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் பழகாத குழுதான் நன்றாக எறிந்தது. அதற்கும் முன்னால் சோவியத் உடலியலாளர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன், பயிற்சி என்பது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில்லை, ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பத் தீர்ப்பது என்று எழுதியிருக்கிறார். குரோக்கே தானாகவே அப்படித்தான் அமைகிறது, எந்த இரண்டு அடியும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை, புல்லும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நாம் வளைவுகளை ஒன்று கிட்டே, ஒன்று தள்ளி, ஒன்று சரிவில் என்று நட்டுவிட்டால் இன்னும் நல்லது. நடும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டால் அது தானாக நடந்துவிடும், அவர்கள் ஒருநாளும் சமமான இடைவெளியில் நட மாட்டார்கள்.

நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது வளைவுகளை மண்ணில் அழுத்தி இறக்குவது சின்ன வேலையில்லை. இரண்டு உள்ளங்கையையும் வைத்து, உடம்பின் எடையைப் போட்டு, வளைவின் இரண்டு காலும் ஒரே அளவு இறங்குகிறதா என்று பார்த்து அழுத்த வேண்டும். தோள், மணிக்கட்டு எல்லாம் வேலை செய்கிறது. ஆட்டம் முடிந்ததும் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, சுத்தியின் கைப்பிடியைத் திருகிக் கழற்றி, பையில் அடுக்கி, ஜிப்பை இழுக்க வேண்டும். திருகுவது நல்ல விரல் வேலை. பாதிப் பயன் இந்த முன்வேலை பின்வேலையில் இருக்கிறது, அதை நாமே அவசரமாகச் செய்து முடித்துவிட்டால் பிள்ளைக்குக் கிடைக்காது.

பெரியவர்கள் பக்கத்தில் நின்று என்ன பேசுகிறோம் என்பதும் செட்டின் தரத்துக்குச் சமமான விஷயம். "முழங்கையை மடக்காதே, மணிக்கட்டைத் திருப்பாதே" என்று உடம்பைப் பற்றிச் சொல்லச் சொல்ல அடி கெட்டுப்போகும். "சுத்தியை வளைவைப் பார்த்து அனுப்பு", "பந்து அந்த இலைக்குப் பக்கத்தில் போய் நிற்கட்டும்" என்று வெளியே இருக்கும் ஒன்றைக் காட்டிச் சொன்னால் சட்டென்று மாறுகிறது. காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் இதைத்தான் பல வருடங்களாகச் சோதித்துச் சொல்லிவருகிறார், கவனம் உடம்பின் மேல் இருப்பதைவிட அசைவின் விளைவின் மேல் இருந்தால் கற்பது நன்றாக நடக்கிறது என்று. இன்னொன்று கண். கோல்ஃபில் குழிக்குப் பக்கத்தில் நின்று தட்டும்போது தேர்ந்தவர்கள் அடிக்கு முன் பார்வையைப் பந்தின் மேல் அசையாமல் நிறுத்துகிறார்கள் என்று ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். இதை ஐந்து வயதுக்கு எப்படிச் சொல்வது? நான் ஒவ்வொரு பந்திலும் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அடிக்கும் முன் புள்ளியை நமக்குத் தெரிகிற மாதிரி மேலே திருப்பி வைத்து அதைப் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. பந்தை விட்டுவிட்டுப் புல்லை அடிப்பது அதற்குப் பிறகு நன்றாகவே குறைந்தது.

விதிகளில் ஒரு மாற்றம் கட்டாயம் செய்யுங்கள். வழக்கமான ஆட்டத்தில் வளைவுக்குள் போனால் கூடுதல் அடி, இன்னொருவர் பந்தைத் தொட்டால் கூடுதல் அடி என்று ஒருவரே தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கலாம், மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அது தண்டனை. அதற்குப் பதில் கோல்ஃப் குரோக்கே ஆடுங்கள், இது நான் கண்டுபிடித்ததில்லை, உலக சாம்பியன்ஷிப் வரை ஆடப்படுகிற முறை. ஆளுக்கு ஒரு அடி, எல்லோரும் ஒரே வளைவைக் குறி வைக்க வேண்டும், யார் பந்து முதலில் உள்ளே போகிறதோ அவருக்கு ஒரு புள்ளி, உடனே எல்லோரும் அடுத்த வளைவுக்கு. காத்திருப்பு இல்லை, பின்தங்கிப்போன பிள்ளைக்கும் அடுத்த வளைவில் புதிதாக ஒரு வாய்ப்பு.

இனி குறைகள்.

பிளாஸ்டிக் பந்து செட் ஏன் வேண்டாம் என்றால், அளவு பற்றி மேலே சொன்ன பாடம் முழுவதும் அதில் போய்விடுகிறது. எடையே இல்லாத பந்து மெதுவாக அடித்தால் புல்லில் சிக்கி நின்றுவிடும், பலமாக அடித்தால் துள்ளும், காற்றடித்தால் நகர்ந்துவிடும். அடியின் பலத்துக்கும் பந்து போகும் தூரத்துக்கும் உள்ள தொடர்பு பிள்ளைக்குப் பிடிபடவே வழியில்லை. மரப் பந்திலும் புல் கணுக்காலைத் தொடுகிற உயரத்துக்கு வளர்ந்திருந்தால் இதே பிரச்சினை வரும், வெட்டிவிட்டு ஆடுங்கள்.

மர செட்டில் எனக்கு வந்த தொல்லை கைப்பிடியும் சுத்தித் தலையும் சேருகிற இடம். மரத்திலேயே வெட்டிய மரை, ஆட ஆடத் தளர்ந்து தலை லேசாகத் திரும்பிக்கொள்கிறது, அப்போது பந்து கோணலாகப் போகும், பிள்ளை தன் தவறு என்று நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் ஒரு தடவை முறுக்கிப் பார்ப்பது நல்லது. பந்தின் பெயின்டும் சீக்கிரமே உரிய ஆரம்பித்தது. மண் காய்ந்து கெட்டியாக இருந்தால் வளைவு இறங்காது, வளையும். சுத்தியால் அதைத் தட்டி இறக்கலாம் என்று தோன்றும், தட்டினால் சுத்தியின் முகம் வெடிக்கும், முந்தைய நாள் தண்ணீர் விட்டுவையுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். வீசுகிற சுத்தி பின்னாலும் போகும், பின்னால் நிற்கிற குழந்தையின் முகம் சரியாக அந்த உயரத்தில் இருக்கும். முறை வராதவர்கள் சுத்தியைத் தரையில் கிடத்திவிட்டு, அடிப்பவருக்கு முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும், இதற்கு விதிவிலக்கே வேண்டாம். மூன்று வயதுக்கு வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான், அந்த வயதில் முறை வரும்வரை சுத்தியைக் கீழே வைத்திருப்பது நடக்காத காரியம். வெள்ளைக் கம்பி வளைவு புல்லில் ஓடுகிறவர் கண்ணுக்குத் தெரியாது, பளிச்சென்ற நிறத்தில் ரிப்பன் கட்டுங்கள், ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் எண்ணிப் பிடுங்கிவிடுங்கள்.

இது எதைச் செய்யாது என்பதும் வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். ஓட்டம் இல்லை, குதிப்பு இல்லை, மூச்சு வாங்காது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடற்செயல்பாடு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கில் இதைச் சேர்க்க முடியாது. பந்து பிடிக்கவும் இதனால் வராது, அதைத் தனியாகப் பழக வேண்டும். கையெழுத்து அழகாகும், கவனம் கூடும் என்றெல்லாம் சில பெட்டிகளில் எழுதியிருக்கிறது. இயக்கத் திறன் பெரும்பாலும் பழகிய வேலையோடு ஒட்டியே வளர்கிறது, எழுதப் பழக எழுத வேண்டும், அந்த ஆசையில் இதை வாங்க வேண்டாம்.

கடையில் பார்த்து வாங்குவதாக இருந்தால் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். சுத்தியைத் தரையில் நிறுத்தி வைத்தால் கைப்பிடியின் நுனி பிள்ளையின் உயரத்தில் ஏறக்குறைய பாதிக்கு வர வேண்டும், மார்பு வரை வந்தால் வீசும்போது வயிற்றில் இடிக்கும். வயது வித்தியாசமான இரண்டு பிள்ளைகளுக்கு வாங்குகிறீர்கள் என்றால், கைப்பிடி இரண்டு துண்டாகத் திருகிச் சேருகிற செட்டாகப் பாருங்கள், சின்னவளுக்கு ஒரு துண்டைக் கழற்றிவிட்டுக் கொடுக்கலாம். அப்புறம் தலையை ஒரு கையில், கைப்பிடியை இன்னொரு கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கடையில் புதிதாக இருக்கும்போதே தலை ஆடினால் அந்த செட்டை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.